புறக்காழும் ஒரு புதுக் காரும்

கனமான பொருளே உறுதியான பொருள் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. பாத்திரக் கடைக்குச் செல்லும் தாய்மார்கள் குடத்தைக் கையில் தூக்கிப் பார்த்த பிறகே விலை பேசுகிறார்கள். கார் வாங்கச் செல்வோர் அதன் கதவைச் சாத்திப் பார்த்து, ‘தொம்’ என்று ஓசை கேட்டால் நல்ல கட்டுமானம் என்று தலையசைக்கிறார்கள். பொருளறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இந்த எண்ணத்தோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. அவ்வழக்கை மன்றத்து நண்பர்கள் முன் எடுத்துரைக்க ஒரு காரைச் சாட்சியாக அழைத்து வருகிறேன்.

அந்தக் காரின் பெயர் ரேஸ்மோ. டாட்டா மோட்டார்ஸ் நிறுவனம் புதுமைகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென 2017-ஆம் ஆண்டில் ‘டாமோ’ என்றொரு தனிப் பெயரைத் தொடங்கியது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் நடந்த மோட்டார் கண்காட்சியில், அப்பெயர் தாங்கிய முதற் காராக ரேஸ்மோவை உலகின் முன் நிறுத்தியது. இருவர் மட்டும் அமரக்கூடிய சிறு கார் அது. நீளம் நான்கு மீட்டருக்கும் குறைவு. உயரம் ஏறத்தாழ 1.2 மீட்டர். அருகே நின்றால் அதன் கூரை நம் மார்பளவுக்கே வரும். எந்திரம் இருக்கைகளுக்குப் பின்னால், காரின் நடுப்பகுதியில் அமைந்திருந்தது. 1.2 லிட்டர் கொள்ளளவுள்ள மூன்று உருளைப் பெட்ரோல் எந்திரம். கொள்ளளவில் நம் தெருக்களில் ஓடும் சிறு கார்களுடையதை ஒத்தது. டர்போவினால் காற்றை அழுத்திச் செலுத்தி அதிலிருந்து 190 குதிரைத்திறன் பெற்றனர். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை ஆறு விநாடிக்குள் எட்டும் என்று நிறுவனம் அறிவித்தது.

சிறு எந்திரத்துக்கு இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? விடையில் பாதி எந்திரத்தில் இருக்கிறது. மறுபாதி உடற்கட்டில் இருக்கிறது. ரேஸ்மோவின் உடற்கட்டுக்கு ‘மோஃப்ளெக்ஸ்’ என்று பெயரிட்டிருந்தனர். பல பொருள்களை அடுக்காகச் சேர்த்துச் செய்த கட்டு என்பது அதன் விளக்கம். ‘பல பொருள்’, ‘அடுக்கு’ என்ற இந்த இரு சொற்களையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

எடை ஏன் குறைய வேண்டும்?

நியூட்டனின் இரண்டாம் விதியைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஒரே விசைக்கு நிறை பாதியானால் முடுக்கம் இரு மடங்காகும். ஆயினும் காருக்கு எடைக் குறைப்பால் வரும் நன்மை இத்துடன் நிற்பதில்லை. 1,200 கிலோகிராம் கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 4,63,000 ஜூல். 800 கிலோகிராம் காருக்கு அது சுமார் 3,09,000 ஜூல்தான். வேகம் எடுக்கும்போது இந்த ஆற்றலை எரிபொருள் தர வேண்டும். நிறுத்தும்போது பிரேக்கு அதை வெப்பமாக மாற்றிக் காற்றில் கலக்க வேண்டும். ஆகவே எடை குறைந்த காருக்குச் சிறிய பிரேக்கு போதும்; சிறிய எந்திரம் போதும்; எந்திரம் சிறுத்தால் அதைத் தாங்கும் சட்டமும் மெலியலாம்; எரிபொருள் தொட்டியும் குறுகலாம். ஒரு கிலோ குறைத்தால் அந்தக் குறைப்பே இன்னும் சில நூறு கிராமைத் தானாகக் குறைத்துக் கொடுக்கும். எடை கூடினாலோ இதே சங்கிலி எதிர்த் திசையில் இழுக்கும்.

எடை எவ்வளவு என்பதைப் போலவே எங்கே இருக்கிறது என்பதும் கருதத்தக்கது. சிலம்பம் சுழற்றுவோர் இதை நன்கு அறிவர். கம்பின் இரு முனைகளிலும் கனத்தைக் கட்டினால் சுழற்றுவது கடினம்; அதே கனத்தை நடுவில் பிடியருகே கட்டினால் எளிது. எந்திரத்தை நடுவில் வைத்த கார் வளைவில் சட்டென்று திரும்புவதற்கு இதுவே காரணம்.

மெலிந்தால் வளையாதா?

எடையைக் குறைக்க எல்லாரும் முதலில் எண்ணும் வழி, தகட்டை மெலிதாக்குவது. இங்கேதான் இயற்கை குறுக்கே நிற்கிறது. ஒரு தகட்டின் வளையாத் தன்மை அதன் தடிப்பின் முப்படிக்கு ஏற்ப மாறும். தடிப்பைப் பாதியாக்கினால் எடை பாதியாகிறது. வளையாத் தன்மையோ எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. அப்படிச் செய்த கார் உடைந்து போகாவிட்டாலும் துணிப்பந்தல் போல ஆடும்.

இந்த முப்படி விதியையே நமக்குத் துணையாகத் திருப்ப முடியும். இதற்கு வழிகாட்டும் மரம் நம் ஊர்க் கொல்லையிலேயே நிற்கிறது. பனையை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதன் வைரம் வெளிச்சுற்றில் இருக்கும், உள்ளே மென்மையான சோறு. வேம்பிலும் தேக்கிலும் வைரம் உள்ளே இருக்கும். தொல்காப்பியத்தின் மரபியல் இவ்வேறுபாட்டைக் கொண்டே நிலைத்திணையை வகுத்தது. வெளியே வைரம் உடையனவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் உடையனவற்றை மரம் என்றும் அது கூறும். முன்னது புறக்காழ், பின்னது அகக்காழ். மூங்கிலும் பனையும் தென்னையும் நம் முன்னோர் கணக்கில் புல்லே.

புறக்காழில் என்ன நன்மை? ஒரு கம்பை வளைக்கும்போது அதன் ஒரு புறம் நீள்கிறது, மறுபுறம் குறுகுகிறது, நட்ட நடுவே உள்ள பகுதி நீள்வதுமில்லை, குறுகுவதுமில்லை. சுமையின் பெரும்பகுதியை வெளிப்புறமே தாங்குகிறது. நடுவில் இருக்கும் கனமான பொருள் வேலை செய்யாமல் கூலி வாங்கும் ஆளைப் போன்றது. அதை எடுத்துவிட்டு அங்கே இலேசான பொருளை வைத்தால் என்ன குறையும்? எடை மட்டுமே பெரிதும் குறையும். பனை புயலில் வளைந்தாடியும் நிமிர்ந்து நிற்பது இப்படித்தான்.

அடுக்குக் கட்டின் தத்துவமும் இதுவே. ஒரு தகட்டை இரண்டு மெல்லிய ஏடுகளாகப் பிளந்து, இடையே இலேசான நுரையையோ தேன்கூடு போன்ற அறைகளையோ வைத்து ஒட்டுவதாகக் கொள்வோம். மொத்தத் தடிப்பு முன்னதைப் போல இரு மடங்கானால் வளையாத் தன்மை ஏழு மடங்காகும். நான்கு மடங்கானால் முப்பத்தேழு மடங்காகும். கணக்கு எளியது: மொத்தத் தடிப்பின் முப்படியிலிருந்து நடுவெளியின் முப்படியைக் கழித்தால் போதும். 8-இல் 1 போக 7. 64-இல் 27 போக 37. இதற்காகக் கூடும் எடை, நடுவே வைத்த நுரையின் எடை மட்டுமே.

இதை நான் விடுதி அறையில் செய்து பார்த்தேன்; நீங்களும் செய்யலாம். திருமண அழைப்பிதழ் அட்டையில் ஓரடி நீளமுள்ள நான்கு பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுங்கள். மற்ற இரண்டை ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள தெர்மாகோலின் மேலும் கீழுமாக ஒட்டுங்கள். பசை நன்றாகக் காய்ந்தபின் இரண்டையும் இரு புத்தகங்களுக்கு இடையே பாலம்போல் வைத்து நடுவில் ஒரு பேனாவை வையுங்கள். முதற் பட்டை தொய்ந்துவிடும். இரண்டாவதன் மேல் தண்ணீர் நிறைந்த தம்ளரை வைத்தாலும் நிற்கும். தெர்மாகோல் சற்றுச் சறுக்கிக் கொடுப்பதால் கணக்கில் வரும் மடங்கு முழுவதும் கைக்கு வராது. ஆயினும் வேற்றுமையை அளவுகோலின்றிக் கண்ணாலேயே காணலாம். பசை விட்டுப்போன இடத்தில் மேல் அட்டை சுருங்கி மடிவதையும் காண்பீர்கள். அடுக்குக் கட்டின் உயிர் பசையில் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

முறுக்கும் ஒரு சோதனை

கார் வளைவதைக் காட்டிலும் முறுக்கப்படுவதே மிகுதி. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க, எதிர் மூலைச் சக்கரம் மேட்டில் ஏறும்போது உடற்கட்டு முழுவதும் பிழியப்படுகிறது. அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள், அசையாது. பின் அதை நீளவாக்கில் ஒரு பக்கம் கீறிவிட்டு முறுக்குங்கள், துணிபோல் திரும்பும். ஆரம் தடிப்பைப் போல் பத்து மடங்கு உள்ள குழாயில் இந்த ஒரு கீறல் முறுக்கெதிர்ப்பை முந்நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். எனவே தேர்ந்த வடிவமைப்பாளர், தரை, பக்கச் சுவர், கூரை ஆகிய எல்லாவற்றையும் மூடிய கூடாக இணைக்க முயல்கிறார். முட்டையோடு போல ஓடே சட்டமாகிவிடுகிறது. தனியே ஓர் இரும்புச் சட்டமும் அதன்மேல் ஓர் அலங்கார உடலும் என்ற இரட்டைச் சுமை நீங்குகிறது.

எதனால் செய்வது?

இனிப் ‘பல பொருள்’ என்ற சொல்லுக்கு வருவோம். எஃகின் அடர்த்தி தண்ணீரைப் போல 7.8 மடங்கு, அலுமினியம் 2.7 மடங்கு. இதைக் கண்டவுடன் அலுமினியமே சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அலுமினியத்தின் மீள்திறன் எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகவே நேராக இழுபடும் ஒரு கம்பியை ஒரே விறைப்புடன் இரண்டாலும் செய்தால் எடை ஏறக்குறைய ஒன்றுதான்! அலுமினியம் வெல்வது தகட்டில். ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டுக்கு ஈடான வளையாத் தன்மையை 1.42 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு தரும். அதன் எடை எஃகுத் தகட்டில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அங்கும் வெற்றியைத் தருவது தடிப்பின் முப்படியே.

கார்பன் இழை இதற்கும் ஒரு படி மேலே நிற்கிறது. இழைகளை எப்பாக்சிப் பிசினில் தோய்த்து இறுக்கிய கூட்டுப்பொருளின் அடர்த்தி சுமார் 1.6. இழை ஓடும் திசையில் அதன் விறைப்பு அலுமினியத்தை விஞ்சும். குறுக்குத் திசையிலோ பிசினின் வலிமைதான் மிச்சம். விறகை நாரோடு பிளப்பது எளிது, நாருக்குக் குறுக்கே வெட்டுவது கடினம் என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. எனவே சுமை எந்த வழியில் பாய்கிறது என்பதைக் கணக்கிட்டு, ஏடு ஏடாக இழையின் திசையை மாற்றி அடுக்க வேண்டும். உலோகத்தில் பொருளை வாங்கி வடிவம் கொடுக்கிறோம். இங்கே வடிவமும் பொருளும் ஒரே வேளையில் பிறக்கின்றன.

உலகம் இவ்வழியில் படிப்படியாகவே வந்தது. இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 1957-இல் காட்டிய எலைட் காரில் கண்ணாடி இழைக் கூடே சட்டமாகவும் நின்றது. அதே நிறுவனம் 1996-இல் கொணர்ந்த எலீஸ் காரின் அலுமினியச் சட்டம் பிசினால் ஒட்டப்பட்டது; சட்டத்தின் எடை சுமார் 68 கிலோகிராம். மெக்லாரன் 1981-இல் பார்முலா ஒன்று பந்தயத்துக்குக் கார்பன் இழைக் கூட்டைக் கொணர்ந்தது. நம் நாட்டிலும் 1982-இல் பெங்களூரின் சிப்பானி நிறுவனம் டால்பின் என்ற கண்ணாடி இழை உடல் கொண்ட சிறு காரை விற்றது. கோவையின் கரிவர்தன், 1980-களின் இறுதியில், மாருதி எந்திரத்தைப் பொருத்தி எடை குறைந்த ஒற்றையிருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். 1995-இல் விமான விபத்தில் மறைந்த அவருடைய பெயரைக் கோவைச் செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்று தாங்கி நிற்கிறது.

பல பொருள்களைச் சேர்ப்பதில் இடர்களும் உண்டு. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அதையும் அலுமினியத்தையும் நேராகத் தொடவிட்டு மழைநீரும் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி அலுமினியம் அரிக்கப்படும். இடையே ஒரு கண்ணாடி இழை ஏட்டை வைத்துப் பிரிக்க வேண்டும். வெப்பத்தில் அலுமினியம் நன்கு விரியும். கார்பன் இழை விரிவதே இல்லை எனலாம். இவ்விரண்டின் சண்டையையும் நடுவிலுள்ள பசை தாங்க வேண்டும். செகந்திராபாத்தின் மே மாத வெயிலில் மூடி நிற்கும் கறுப்புக் காரைத் தொட்டுப் பார்த்தவர்கள், பிசின் எந்த வெப்பத்தில் இளகும் என்பது எவ்வளவு பெரிய வினா என்பதை எளிதில் உணர்வார்கள்.

ஏன் சாலைக்கு வரவில்லை?

ரேஸ்மோ விற்பனைக்கு வரவே இல்லை. டாட்டா நிறுவனம் அத்திட்டத்தைக் கைவிட்டது. இதற்குப் பொதுவான ஒரு காரணம் உற்பத்தி முறையிலேயே அடங்கியிருக்கிறது. எஃகுத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு மிக விலையுயர்ந்தது. ஆனால் சில விநாடிக்கு ஒரு கதவைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். இலட்சம் கார் செய்பவருக்கு அச்சின் விலை ஒரு பொருட்டன்று. கூட்டுப்பொருளுக்கு அச்சு மலிவு. ஆனால் ஏடுகளை அடுக்கிப் பிசினை இறுக வைக்க நிமிடங்களோ மணிகளோ ஆகும். சில நூறு கார் செய்பவருக்கு இது ஏற்றது. சில நூறு மட்டுமே விற்றாலோ, எந்திரத்தைச் செம்மைப்படுத்தவும் மோதல் சோதனை செய்யவும் ஆகும் செலவு ஒவ்வொரு கார் மேலும் மலைபோல் ஏறும். விலை குறைந்த விரைவுக் கார் என்ற எண்ணம் இந்த இரண்டு பாறைகளுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கிறது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். கூட்டுப்பொருள் நொறுங்கும்போது ஒவ்வொரு கிலோவிலும் எஃகைவிட மிகுதியான ஆற்றலை விழுங்க வல்லது. பந்தய ஓட்டுநர் பலர் பெரு மோதலிலிருந்து நடந்து வருவது இதனால்தான். ஆனால் இலேசான கார் கனமான லாரியோடு மோதினால், உந்த அழிவின்மை விதிப்படி வேக மாற்றம் இலேசானதற்கே மிகுதி. இவ்விதிக்கு எந்தப் பொருளாலும் விலக்குப் பெற முடியாது. சாலையில் ஓடும் எல்லா வண்டிகளும் மெலிந்தால்தான் எல்லாருக்கும் நன்மை.

நமக்கென்ன பயன்?

‘மிதிவண்டியே வாங்க முடியாதவர்கள் வாழும் நாட்டில் இருவர் அமரும் விரைவுக் காரைப் பற்றி எழுதுவானேன்?’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. விடையை இந்த நகரத்திலிருந்தே தருகிறேன்.

1990-களில் ஐதராபாத்தின் ஏவுகணை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அப்துல் கலாம், நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்துக்குச் சென்றபோது, போலியோ கண்ட சிறுவர் சிறுமியர் மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட உலோகத் தாங்கிகளைக் காலில் பூட்டி இழுத்து நடப்பதைக் கண்டார். ஏவுகணைக்காகக் கற்ற இலேசான பொருளியலைக் கொண்டு, அந்தத் தாங்கியை 300 கிராமாகக் குறைத்தார்கள். இராமேசுவரத்துத் தமிழர் ஒருவர் இந்த ஊரில் செய்த வேலை அது. காருக்கு மூன்றில் ஒரு பங்கு எடையைக் குறைத்தாலே பெரும் புகழ். இங்கே பத்தில் ஒரு பங்காயிற்று. குழந்தையின் கால் அறிந்த வேறுபாட்டை எந்த அளவுகருவி காட்டும்?

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று இரட்டை நகரங்களின் நடுவே உசேன் சாகர் ஏரிக்கரையில் மின்சாரக் கார்களின் பார்முலா ஈ பந்தயம் நடந்தது. இந்தியாவில் நடந்த முதல் பார்முலா ஈ பந்தயம் அதுவே. அக்கார்களின் எடை ஓட்டுநரையும் சேர்த்து 840 கிலோகிராம். அவற்றின் மேலுடலில் பழைய பந்தயக் கார்களிலிருந்து மீட்ட கார்பன் இழையோடு, ஆளிச் செடியின் நாரும் சேர்ந்திருந்தது. ஆளி நார் காருக்கு உதவுமானால் நம் சணலும் வாழை நாரும் எதற்கெல்லாம் உதவும் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? மின்கல ஸ்கூட்டருக்கும் பயணி ஆட்டோவுக்கும் நோயாளி நாற்காலிக்கும் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. மின்கலத்தின் விலையே அவற்றின் விலையில் பெரும் பங்கு. உடல் மெலிந்தால் மின்கலமும் சிறுக்கும். கைவிடப்பட்ட ரேஸ்மோவின் பாடம் இந்த வண்டிகளில்தான் பலிக்க வேண்டும்.

என் தந்தையார் கோவையில் லேத் பட்டறைத் தொழிலாளி. நான் இருபத்து மூன்று வயதில் இங்கே ஆய்வுக்கூடத்தில் பிசினும் இழையுமாக நிற்கிறேன். படிப்பு முடிந்ததும் எங்கே போவாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். கணினி வேலைக்குப் போனால் மும்மடங்கு ஊதியம் என்று உடன் படிப்போர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மையே. ஆயினும் நான் கண்டது ஒன்றுண்டு. புதிய பொருளை ஆராய்வோர் ஐதராபாத்தில் இருக்கிறார்கள். எதையும் கையால் செய்து ஓட்டிக் காட்டக்கூடியவர்கள் கோவையின் பட்டறைகளில் இருக்கிறார்கள். ஆய்வேட்டின் மொழி பட்டறைக்குப் புரிவதில்லை. பட்டறையின் அனுபவம் ஆய்வேட்டில் ஏறுவதில்லை. இரண்டு இடத்து மொழியும் தெரிந்தவர்கள் யார்? ஊரை விட்டு இங்கே வந்து பயிலும் நாமே. இந்த இடைவெளியில் நிற்க ஒரு சிலராவது முன்வர வேண்டும். நான் நிற்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.

அட்டையையும் தெர்மாகோலையும் ஒட்டிப் பார்க்க விரும்பும் நண்பர்கள், எத்துறையினராயினும், மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்குச் சற்று முன்னதாக வரலாம். பசையும் கத்திரிக்கோலும் நான் கொண்டு வருகிறேன்.